1.62 என்று வந்துவிட்டால் ஏரிக்கரை நின்றுவிடுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஏரியின் கரை 6 மீட்டர் உயரம், வெளிச்சரிவு 2-க்கு 1 (பக்கவாட்டில் 2 மீட்டர் போனால் 1 மீட்டர் இறக்கம்). இரண்டு வருஷத்துக்கு முன்னால் மராமத்தில் கரையை ஒரு மீட்டர் உயர்த்தி, வெளிப்பக்கம் மண் கொட்டி அகலப்படுத்தியிருக்கிறார்கள். போன மழைக்கு ஏரி நிரம்பியபோது வெளிப்பக்கத்து அடியில் ஈரம் கண்டது. இப்போது கோடையில் கரையின் தலையில் நீளவாக்கில் விரிசல். கட்டுமானப் பொறியியல் படிக்கும் ஊர்ப் பையன் ஒருவர் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்து, “பாதுகாப்புக் காரணி 1.62 வருகிறது, தேவை 1.5தான், பயமில்லை” என்கிறார். நம்பலாமா? இல்லையென்றால் யாரிடம் போவது?

இப்போதைக்கு நம்ப வேண்டாம். பாதுகாப்புக் காரணி என்பது மண்ணைப் பிடித்து நிறுத்தும் விசையைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் வரும் எண். பையன் தப்பாகப் போட்டுவிட்டார் என்று சொல்லவில்லை. கூட்டல் கழித்தலில் சாஃப்ட்வேர் தவறுவதே இல்லை. அதற்குள் கசிவுக்கோட்டை, அதாவது கரைக்குள் ஊறிய தண்ணீரின் மேல்மட்டத்தை, எங்கே கீறினார், மண்ணின் வலு என்று கொடுத்த எண்களை எந்தக் குழியிலிருந்து எடுத்தார், இந்த இரண்டும் தெரியாதவரை 1.62-ம் 0.9-ம் எனக்கு ஒன்றுதான். மிகையாகத் தெரிகிறதா? கையால் போட்டுக் காட்டுகிறேன். பேனாவும் தாளும் போதும்.

உங்கள் கரையின் வெளிச்சரிவுக்கு இணையாக, 2 மீட்டர் ஆழத்தில் ஒரு தளம் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே உள்ள மண் ஒரே பாளமாகக் கீழே வழுக்கப் பார்க்கிறது. ஈர மண் கனமீட்டருக்கு ஏறத்தாழ 2 டன். 2-க்கு 1 சரிவில் அந்தப் பாளம் தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சரிவின் போக்கில் 1.6 டன் கணக்கில் இழுக்கும். தளத்தின்மேல் நேராக 3.2 டன் அழுத்தும். இழுப்பது எதிரி, அழுத்துவது நண்பன், ஏனென்றால் அழுத்தம் இருந்தால்தான் உராய்வு. மண்ணின் உராய்வுக் கோணம் 30 டிகிரி, ஒட்டுப்பிடிப்பு (அழுத்தமே இல்லாவிட்டாலும் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் வலு) சதுர மீட்டருக்கு அரை டன் என்று வைப்போம். செம்மண் கலந்த களிக்கு வரக்கூடிய எண்கள்தான் இவை. 3.2 டன் அழுத்தத்துக்கு உராய்வாகக் கிடைப்பது 1.85 டன். ஒட்டுப்பிடிப்பு அரை டன்னையும் சேர்த்தால் 2.35. இழுப்பது 1.6. வகுத்தால் 1.47. பரவாயில்லை, கரை நிற்கிறது.

இப்போது ஏரி பல வாரம் நிரம்பி நின்று, கசிவு வெளிச்சரிவின் முகம்வரை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்துகள்களுக்கு இடையே உள்ள தண்ணீர் 3.2 டன்னில் 1.6 டன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். துகளோடு துகள் உரசுவதற்கு மிஞ்சுவது 1.6 டன். அதில் உராய்வு 0.92, ஒட்டுப்பிடிப்பு 0.5, மொத்தம் 1.42. இழுப்பு மட்டும் அப்படியே 1.6. வகுத்தால் 0.89. ஒன்றுக்குக் கீழே போனால் சறுக்கிவிட்டது என்று பொருள். மண் அதேதான், சரிவு அதேதான், உயரமும் அதேதான். தாளில் ஒரு கோடு இடம் மாறியது, அவ்வளவுதான்.

மண்ணின் மொத்த எடையை வைத்து வலுவைக் கணக்கிடாதே, அதிலிருந்து துளைநீரின் (துகள்களுக்கு இடையே உள்ள தண்ணீரின்) அழுத்தத்தைக் கழி என்பதை 1920-களில் தெளிவாக்கியவர் கார்ல் டெர்சாகி. மண் பொறியியல் முழுவதும் அந்த ஒரு கழித்தலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஏரித் தண்ணீர் நெஞ்சால் முட்டிக் கரையைத் தள்ளிவிடும் என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். 6 மீட்டர் உயரக் கரையின் எடைக்கு முன்னால் அந்தத் தள்ளல் பெரிய விஷயம் இல்லை. கெடுதல் செய்வது கரைக்குள் புகுந்த தண்ணீர்.

சாஃப்ட்வேர் செய்வதும் இதே வேலைதான், கொஞ்சம் நாசூக்காகச் செய்யும். களிமண் கரைகள் நான் மேலே சொன்னதுபோல் பாளமாக மட்டும் வழுக்குவதில்லை. கிண்ணத்தின் உட்புறம்போல வளைந்த தளத்தில் உருண்டு இறங்கும். 1916-இல் சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகத்தில் ஒரு படகுத்துறை சரிந்தபோது அங்குள்ள பொறியாளர்கள் சரிந்த தளத்தை ஆராய்ந்து, அது ஏறக்குறைய வட்ட வில் என்று கண்டார்கள். அதனால்தான் ‘சுவீடிஷ் வட்ட முறை’ என்று பாடத்தில் பெயர். வட்டத்துக்குள் சிக்கிய மண்ணை ரொட்டித் துண்டுபோல நெட்டு நெட்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இழுப்பும் பிடிப்பும் எவ்வளவு என்று கூட்டுவார்கள். ஃபெல்லீனியஸ் என்ற பொறியாளரின் முறை துண்டுகளுக்கு இடையே உள்ள விசையைக் கண்டுகொள்ளாது. 1955-இல் பிஷப் அதில் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்த்தார். ஒரே கரைக்கு ஃபெல்லீனியஸ் கொஞ்சம் குறைவாகவும் பிஷப் கொஞ்சம் கூடுதலாகவும் காட்டுவது வழக்கம். இந்த வித்தியாசத்தைப் பற்றி மாணவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். கசிவுக்கோட்டை ஒரு மீட்டர் தப்பாகக் கீறினால் வரும் பிழைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

சரி, 1.5 என்ற எண் எங்கிருந்து வந்தது? மண் அணைகளின் சரிவு நிலைப்புக்கு நம் நாட்டில் ஐஎஸ் 7894 என்ற நெறிமுறை இருக்கிறது. ஏரி நிரம்பிக் கசிவு நிலையாகிவிட்ட காலத்தில் வெளிச்சரிவுக்கு 1.5 வேண்டும். தண்ணீர் சட்டென்று இறங்கும்போது உட்சரிவுக்கு 1.3. கசிவோடு நிலநடுக்கமும் சேர்ந்தால் 1.0 போதும். ஆக ஒரு கரைக்கு ஒரே எண் என்பது கிடையாது. எந்தச் சரிவு, எந்த நிலைமை என்று சொல்லாமல் ‘1.62’ என்று மட்டும் சொன்னால், விலை 40 ரூபாய் என்று சொல்லிவிட்டு எந்தச் சாமானுக்கு என்று சொல்லாத மாதிரி.

உட்சரிவை யாரும் கவனிப்பதே இல்லை. ஏரி நிரம்பியிருக்கும்போது தண்ணீரே உட்சரிவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. வேறு ஏதோ இடத்தில் உடைப்பு எடுத்தோ, அவசரத்துக்கு எல்லா மதகையும் திறந்துவிட்டோ, இரண்டு மூன்று நாளில் தண்ணீர் இறங்கிவிட்டால் முட்டு போய்விடும். களிமண்ணுக்குள் ஊறிய தண்ணீர் அதே வேகத்தில் வடியாது. பாரம் உள்ளே, தாங்கல் வெளியே இல்லை. அப்போது கற்பதிப்பு அலைகற்களோடு சேர்ந்து உள்பக்கமாகச் சரிந்து இறங்கும். வெள்ளம் வடிந்து ஊரே மூச்சு விடும்போது நடப்பதால் இதற்கு ‘நல்லவேளை’ என்ற பெயர்தான் கிடைக்கிறது. ஆனால் அடுத்த மழைக்குள் அதைச் சரிசெய்யாவிட்டால் கரையின் அகலத்தில் பாதி போனதுதான்.

இங்கே என் துறைக்காரர்கள் அவ்வளவாக விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உடைந்துபோன மண் அணைகளை உலக அளவில் கணக்கெடுத்த ஆய்வுகளைப் பார்த்தால், ஏறத்தாழப் பாதி, தண்ணீர் கரையின் தலைமேல் வழிந்து உடைந்தவை. மீதியில் பெரும்பங்கு, கசிவு மண்ணை அரித்து உள்ளேயே ஓட்டை போட்டு உடைந்தவை. சரிவு சறுக்கியதால் மட்டும் உடைந்தவை சில சதவீதம்தான். நீங்கள் கேட்ட பாதுகாப்புக் காரணி அந்தச் சில சதவீதத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும். வழிவதைப் பற்றியும் அரிப்பதைப் பற்றியும் அதற்கு ஒன்றும் தெரியாது. 1.62 என்ன, 2.5 வாங்கிய கரையும் நண்டு வளை வழியாக உடையலாம்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருந்த டீட்டன் அணை. ஏறத்தாழ 93 மீட்டர் உயரம், நவீன வடிவமைப்பு, முதல் தடவையாக நிரம்பிக்கொண்டிருந்தது. 1976 ஜூன் 5, சனிக்கிழமை காலையில் வலப்பக்கத்து மலைச்சாரலை ஒட்டிக் கலங்கலாக ஊற்று வந்தது. ஓட்டையை மூட இரண்டு புல்டோசர்களை இறக்கினார்கள். இரண்டையும் அது விழுங்கிவிட்டது. பகல் 12 மணிக்குச் சில நிமிடங்களுக்கு முன் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். காற்றடித்துச் சேர்ந்த நுண்மண்ணால் அணையின் நடுக்கரு (தண்ணீரைத் தடுக்கும் உள்பகுதி) கட்டியிருந்தார்கள். அந்த மண் தண்ணீரில் எளிதாக அரிபடும். அடிப்பாறையில் இருந்த வெடிப்புகளை நன்றாக அடைக்காததால் கசிவு அந்த நடுக்கருவைத் தொட்டுக்கொண்டே ஓடியது. சரிவு கணக்கில் எந்தக் குறையும் சொல்ல முடியாத அணை அது.

இனி உங்கள் கரைக்கு வருவோம். முதலில் விரிசல்.

நீளவாக்கு விரிசலுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். கரிசல் கலந்த களியாக இருந்தால் கோடையில் காய்ந்து வெடிக்கும். அது வெறும் மேல்தோல் விவகாரம். இரண்டாவது, பழைய கரையும் புதிதாகக் கொட்டிய மண்ணும் சேரும் இடத்தில் புதுமண் மட்டும் அமுங்கி வாய் பிளந்திருக்கலாம். உங்கள் ஊரில் அகலப்படுத்தியதைச் சொன்னதால் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம். மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது: கரை சறுக்கத் தொடங்கி, அந்த வட்டத்தின் மேல்நுனி வெளியே தெரிவது.

பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. விரிசலின் மேல் குறுக்காக உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இரண்டு உதடும் ஒரே மட்டத்தில் இருந்தால் பாதிக் கவலை போனது. வெளிப்பக்கத்து உதடு ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தால் உஷாராகுங்கள். பிறகு விரிசலின் இரண்டு முனைகளையும் தொடர்ந்து போங்கள். கரைக்கு இணையாகவே போய் மறைந்தால் ஒரு மாதிரி; முனைகள் பிறைபோல வளைந்து வெளிச்சரிவை நோக்கி இறங்கினால் அது சறுக்கல். அப்படியானால் நேர் கீழே கரையடியில் மண் புடைத்திருக்கிறதா, வரப்போ வேலிக் கம்போ சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தலையில் இறங்கியது அடியில் ஏறியாக வேண்டுமே.

ஆழம் தெரிய ஒரு பழைய வழி இருக்கிறது. சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து விரிசலில் ஊற்றுங்கள். மறுநாள் குறுக்காக ஒரு குழி வெட்டினால் வெள்ளைக் கோடு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பளிச்சென்று தெரியும். காய்ந்த விரிசல் அரை மீட்டர், ஒரு மீட்டரில் மெலிந்து முடிந்துவிடும். பழைய கரைக்கும் புது மண்ணுக்கும் நடுவிலான பிளவு என்றால் வெள்ளைக் கோடு பழைய சரிவின் முகத்தை ஒட்டியே சாய்வாக இறங்கும். அந்த முகத்தில் பழைய புல்லும் வேரும் கறுத்து மக்கிக் கிடந்தால், படி வெட்டாமல் சரிவின் மேல் அப்படியே டிப்பரில் மண்ணைக் கவிழ்த்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டலாம். பழைய சரிவைப் படிக்கட்டுப்போல வெட்டி, ஒவ்வொரு படியிலும் புதுமண்ணைப் பரப்பி ரோலர் ஓட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதாத இடமே கிடையாது. செய்கிற இடம்தான் குறைவு. குறுக்குவாக்கில் விரிசல் இருந்தால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். அது ஏரிக்கும் வெளிப்பக்கத்துக்கும் நேர்வழி. மழைக்கு முன்பே வெட்டி எடுத்துவிட்டுக் களியை அடுக்கடுக்காக இடித்து நிரப்பியாக வேண்டும்.

அடுத்தது கரையடியின் ஈரம். ஈரம் என்றாலே பயப்பட வேண்டாம். கசியாத மண்கரை என்று ஒன்று கிடையாது. கசிவு எங்கே வெளியேறுகிறது, எப்படி வெளியேறுகிறது என்பதுதான் கேள்வி. அடியிலிருந்து சில அடி தள்ளித் தரையில் ஊறினால் ஒரு விதம்; சரிவின் மேலே, அடியிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பச்சைப் புல் பட்டையாக முளைத்திருந்தால் வேறு விதம். கோடையில் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, ஒரே உயரத்தில் நீளமாகப் பச்சையாக இருக்கும் அந்தப் பட்டைதான் கசிவுக்கோடு வெளியே வரும் இடம். சாஃப்ட்வேரில் போட வேண்டிய கோட்டைக் கோரைப்புல்லே கீறிக் காட்டுகிறது. பையனிடம் கேட்டுப் பாருங்கள், அவர் கோடு எங்கே வெளியேறுகிறது என்று.

நானே இதில் அடிபட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஏரிக்கரைக்கு அறிக்கை எழுதினேன். பாடத்தில் சொன்னபடி கோட்டை வளைத்துக் கரையடியின் வடிகாலில் கொண்டுபோய் முடித்தேன்; 1.7 வந்தது. அந்த வடிகால் வரைபடத்தில் இருந்தது, கரையில் இல்லை. இருந்த இடத்தில் கல் முழுக்கச் சேறு அடைத்து இறுகியிருந்தது. ஊரில் மதகு திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வெளிச்சரிவில் இடுப்பு உயரத்தில் காலை ஊன்றச் சொன்னார். கணுக்கால்வரை இறங்கியது. “சார், உங்க கோடு இதுக்குக் கீழயா மேலயா?” என்று கேட்டார். பிறகு குழாய் இறக்கி அளந்து திரும்பப் போட்டபோது எண் 1.1-க்கு வந்தது. அந்த முதல் அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது.

குழாய் இறக்குவது என்றால் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கையால் திருகித் துளை போடும் ஆகர் கொண்டு கரைத்தலையில் ஒன்று, வெளிச்சரிவின் நடுவில் ஒன்று, கரையடியில் ஒன்று என மூன்று துளை. ஒன்றரை அங்குல பிவிசி குழாயின் அடி அரை மீட்டருக்கு வாளால் கீறல் போட்டு, வலை சுற்றி இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பி, அதன் மேலே களியால் இறுக மூட வேண்டும். மூடாவிட்டால் மழைத்தண்ணீர் நேராக இறங்கி ஏமாற்றும். வேலையை வறட்சியில் முடித்துவிடுங்கள். ஏரி நிரம்பி நிற்கும்போது கரையில் துளை போடக் கூடாது. நிரம்பிய பிறகு நூலில் ஒரு சின்னக் கூம்பைக் கட்டி இறக்கினால் தண்ணீரைத் தொடும்போது ‘ப்ளக்’ என்று கேட்கும். நூலை அளந்தால் மட்டம் கிடைத்துவிடும். வாரம் ஒரு முறை, ஏரியின் மட்டத்தோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஏரி மட்டம் மாறாமல் இருக்க, குழாயில் மட்டும் தண்ணீர் ஏறிக்கொண்டே போனால் உள்ளே ஏதோ மாறுகிறது.

கசிவு ஓடுவதாகவே வந்தால் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் கரை வெறும் தண்ணீரை விடுகிறது. அடியில் மண் படிந்தால் கரை தன்னையே விடுகிறது. கரையடித் தரையில் தண்ணீர் கொப்பளித்து, சுற்றிலும் எறும்புப் புற்றுபோல் மணல் குவிந்தால் அடித்தளத்துக்குக் கீழே ஓட்டை போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஊரே சேர்ந்து செய்யும் தப்பு ஒன்று உண்டு: வெளிப்பக்கத்து ஓட்டையில் களிமண்ணைத் திணித்து அடைப்பது. வெளியே அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். பக்கத்தில் இன்னொரு இடத்தில் இன்னும் வேகமாகப் பிய்த்துக்கொண்டு வரும். அடைப்பதெல்லாம் ஏரிப் பக்கத்தில், தண்ணீர் நுழையும் இடத்தில். வெளியே செய்ய வேண்டியது, தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடித்து நிறுத்துவது. முதலில் ஆற்றுமணல், அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி என்று அடுக்குங்கள், சுற்றிலும் மணல் மூட்டையால் வட்டம் கட்டுங்கள். தெளிந்த தண்ணீர் வர ஆரம்பித்தால் ஜெயித்தீர்கள். ஜல்லியை நேராகப் போட்டால் பயனில்லை, அதன் இடுக்கு வழியாக மண் போய்க்கொண்டே இருக்கும்.

மண்ணைப் பற்றி ஒரு சோதனையை நீங்களே வீட்டில் செய்யலாம். கரையில் வெட்டிய குழியிலிருந்து கடலை அளவு ஈர மண் உருண்டையை எடுத்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மெல்லப் போடுங்கள். ஆட்டக் கூடாது. பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். உருண்டை நொறுங்கி அடியில் கிடந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் சரி. உருண்டையைச் சுற்றிப் பால்போல மூட்டம் கிளம்பி அடியெங்கும் பரவினால் அந்தக் களி தண்ணீரில் தானாகவே கரையும் ஜாதி. சோடியம் மிகுந்த களிகளில் இப்படி ஆகும். பார்ப்பதற்கு நல்ல பிசுக்குக் களியாக இருக்கும், ஆனால் ஒரு நூல் விரிசல் கிடைத்தாலும் கரைந்தே ஓட்டை போட்டுவிடும். போர் தண்ணீரில் செய்து பார்த்து ஏமாற வேண்டாம். அதில் உள்ள உப்பு மூட்டத்தை அடக்கிவிடும்.

மண்ணின் வலுவுக்கு மட்டும் ஆய்வகம் போயாக வேண்டும். குலைக்காத மாதிரி மண் எடுத்து, முழுக்க ஊறவைத்து, துளைநீர் அழுத்தத்தை அளந்துகொண்டே மூவச்சுச் சோதனை (சுற்றிலும் அழுத்திப் பிடித்து மேலிருந்து நசுக்கிப் பார்ப்பது) செய்து எண் வாங்க வேண்டும். காய்ந்த கட்டியை எடுத்து அப்படியே சோதித்தால் ஒட்டுப்பிடிப்பு நாலைந்து டன் என்றுகூட வரும். அந்தக் கணக்கெல்லாம் மழைக்கு முந்தின நாள்வரைதான். பல அறிக்கைகளில் நான் முதலில் பார்ப்பது அந்த ஒட்டுப்பிடிப்பு எண்ணைத்தான். பழைய ஏரிக்கரைக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு டன்னுக்கு மேல் போட்டிருந்தால் மீதியைப் படிப்பதற்குள் பென்சிலை எடுத்துவிடுவேன். மராமத்தில் கொட்டிய மண் இறுகியிருக்கிறதா என்பதற்குக் கோர் கட்டர் போதும். ஒரு லிட்டர் கொள்ளும் இரும்பு உருளையை அடித்து இறக்கி மண்ணை எடுத்து, எடை போட்டு, உலர்த்தித் திரும்ப எடை போடும் வேலை. ஆய்வகத்தில் மண்ணை இடித்து இறுக்கிப் பார்க்கும் பிராக்டர் சோதனையில் வந்த உச்ச அடர்த்தியில் 95 சதவீதமாவது இருக்க வேண்டும். ஜேசிபி பக்கெட்டால் தட்டிவிட்ட மண்ணில் அது வரவே வராது.

கணக்குக்குள் வராத, ஆனால் கரையைக் கொல்லுகிற விஷயங்கள் இன்னும் சில. கரையடியில் மண் எடுப்பது: அந்த வட்டத்தின் கீழ்நுனியில் இருக்கும் மண்தான் எதிர்ப்பாரம், அதைச் செங்கல்லுக்கோ சாலைக்கோ வெட்டிக்கொண்டு போனால் காரணி கண்முன்னே இறங்கும். தூர்வாருகிறோம் என்று உட்சரிவை ஒட்டியே தோண்டுவது அதைவிட மோசம். பல ஏரிகளின் படுகையில் மேலே ஒரு களித்தோல், அடியில் மணல். களித்தோலைக் கிழித்துவிட்டால் தண்ணீர் மணல் வழியாகக் கரைக்கு அடியிலேயே புகுந்து வெளியே கொப்பளிக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் உங்கள் ஊரில் கரைக்கு மண் எங்கிருந்து எடுத்தார்கள் என்று விசாரியுங்கள். ‘பக்கத்திலேயே’ என்று பதில் வந்தால் கரையடி ஈரத்துக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

மதகை ஒட்டிய இடத்தில் ரோலர் போகாது, கட்டுமானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழும். உடைப்பெடுத்த கரைகளில் பலவும் மதகுப் பக்கமாகத்தான் பிய்ந்திருக்கும். அப்புறம் சீமைக்கருவேலம். வளரும்போது வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது உண்மைதான்; வெட்டிய பிறகு வேர் மக்கி ஆழத்தில் குழாய் குழாயாக நிற்கும். மழைக்கு முந்தின மாதம் ஜேசிபி வைத்துப் பெரிய மரங்களைப் பிடுங்கிவிட்டுக் குழியை மூடாமல் போகும் காரியத்தை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். சின்னதாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். பெரிதானால் விட்டுவைத்து, கோடைத் தொடக்கத்தில் வேரோடு எடுத்து இடித்து நிரப்ப வேண்டும்.

வழிவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரையோரத்தில் எத்தனையோ குளங்கள் உடைந்தன. அந்த அளவு மழைக்கு எந்தச் சரிவுக் கணக்கும் உதவாது. கலிங்கல் எவ்வளவு வெளியேற்றும், கரையின் தலை எங்கே தாழ்ந்திருக்கிறது, இந்த இரண்டும்தான் அன்றைக்குப் பேசும். கொத்தனாரின் டியூப் லெவலை வாங்கிக் கரை முழுக்க 20 மீட்டருக்கு ஒரு புள்ளியில் மட்டம் பாருங்கள். மாடு இறங்கித் தடம் விழுந்த இடம், டிராக்டர் ஏறி இறங்கும் இடம், மதகின் மேல் அமுங்கிய இடம் என்று ஒரு சாண் தாழ்ந்த பள்ளம் கட்டாயம் சிக்கும். வெள்ளம் தேடுவதும் அந்தப் பள்ளத்தைத்தான். கூடுதலாக ஒரு அடி தண்ணீர் நிற்கட்டும் என்று கலிங்கலில் மூட்டை அடுக்கி வைத்திருந்தால், ஆயக்கட்டுக்காரர்கள் கோபித்தாலும் ஐப்பசிக்கு முன் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

“இத்தனை நூறு வருஷம் நின்ற கரை” என்று ஊரில் யாராவது சொல்வார்கள். திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. 1986 ஏப்ரல் 20 விடியற்காலையில் அதன் கரை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரைமேல் கனத்த வண்டிகள் ஓடியதைத்தான் பலரும் காரணமாகச் சொன்னார்கள். பழைய கரை பழைய பாரத்துக்கும் பழைய மட்டத்துக்கும் பழகி நின்றது. உங்கள் கரையும் அப்படித்தான். ஒரு மீட்டர் உயர்த்திய அன்றே அது புதுக்கரை ஆகிவிட்டது, அதன் வயது இரண்டு.

யாரிடம் போவது என்றும் கேட்டிருந்தீர்கள். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர்வரை உள்ளவற்றுக்கும்தான். உங்கள் 6 மீட்டர் கரை அதற்குள் வராது. தமிழ்நாட்டில் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மனுவில் ‘கரை பலவீனமாக உள்ளது’ என்று பொதுவாக எழுதினால் கோப்பில் உறங்கும். விரிசலின் நீளம், இரண்டு உதடுகளின் மட்ட வித்தியாசம், புல்பட்டையின் உயரம், பாட்டில் படம், டியூப் லெவல் எண்கள் என்று எழுதினால் உதவிப் பொறியாளர் ஒருவராவது வந்து பார்ப்பார்.

என் யூகம் இது: விரிசல் பழைய கரையும் புதுமண்ணும் சேரும் இடத்தினுடையது. ஈரம், புதுமண் பழைய வெளியேற்றத்தை அடைத்துவிட்டதால் மேலே ஏறியது. யூகம் சரியென்றால் வைத்தியம் வெளிப்பக்கத்து அடியில். களைகளைச் சுரண்டி, ஒரு அடி கனத்துக்கு மணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கருங்கல் அடுக்கி ஒரு திண்ணை. அது தண்ணீரை விடும், மண்ணைப் பிடிக்கும், எதிர்ப்பாரமாகவும் உட்கார்ந்துகொள்ளும். தலையில் விரிசலை V வடிவில் வெட்டி எடுத்து, ஈரம் சேர்த்த களியால் அரை அடி அடுக்காக இடித்து மூட வேண்டும். சிமெண்ட் பால் ஊற்றி அடைப்பதாக யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அதுவரை விரிசலின் இரு பக்கமும் ஐந்து இடத்தில் ஜோடி ஜோடியாக இரும்புக் கம்பி அடித்து, தேதி போட்டு இடைவெளியை அளந்து வையுங்கள். பத்து நாளில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் காத்திருக்கலாம். மழை விட்ட மறுநாள் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மட்டத்தை இறக்கச் சொல்லுங்கள், ஒரேயடியாக வேண்டாம். உட்சரிவைப் பற்றி மேலே சொன்னது ஞாபகம் இருக்கட்டும். சுண்ணாம்புக் குழியின் படமும், மூன்று குழாயின் அளவும், பையன் தன் கோப்பில் போட்ட ஒட்டுப்பிடிப்பு எண்ணும் கிடைத்தால், அந்த 1.62-ஐ ஒரு மாலையில் உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம்.